விபிஎன் போட்டாலும் வீட்டு இணையம் நிற்காமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

டிசம்பரில் நாகலூர் பக்கம் காபிப் பழம் எடுத்துக் களத்தில் காயப் போட்டிருப்பார்கள். என் அக்கா மகன் அங்கே வீட்டில் இருந்தபடியே, கணினியை ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் வழியாக, பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறான். களத்தைப் பார்த்தபடி ஒரு கேமரா மாட்டியிருக்கிறோம். அதன் படம் லேப்டாப் திரையின் ஓரத்தில் சின்னதாகத் திறந்தே இருக்கும். சேர்வராயன் மலையில் பனிமூட்டம் எப்போது இறங்கும், தூறல் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து நிமிடம் கவனிக்காமல் விட்டால் காய்ந்த கொட்டை மறுபடி ஈரமாகிவிடும்.

ஒரு நாள் காலையில் அவனிடமிருந்து போன். "மாமா, விபிஎன் போட்டா கேமரா போயிடுது. எடுத்தா ஆபீஸ் போயிடுது. ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்குமா?"

சேலத்தில் சிறு அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். 2020-இல் எல்லாரும் வீட்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கேள்வியை அஸ்தம்பட்டியிலும் கேட்கிறார்கள், அம்மாபேட்டையிலும் கேட்கிறார்கள். பெரும்பாலும் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியும். அதற்கு முதலில் விபிஎன் உங்கள் கணினிக்குள் என்ன மாற்றுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் கண்ட இடத்தில் டிக் எடுப்பதும் வைப்பதும்தான் பாதித் தொல்லைக்குக் காரணம்.

உள்ளே என்ன நடக்கிறது

ஏற்காட்டுக்குக் கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகலாம். குப்பனூர் வழியாகவும் ஏறலாம். எந்த வண்டி எந்த வழியில் போக வேண்டும் என்று பிரியும் இடத்தில் ஒரு பலகை இருக்க வேண்டும் அல்லவா? உங்கள் கணினியில் அந்தப் பலகைதான் ரூட்டிங் டேபிள். வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது தரவுத் துண்டும், அதைப் பார்த்துத்தான் போகும்.

சாதாரண நாளில் அந்தப் பட்டியலில் இரண்டு வரிகள்தான் முக்கியம். ஒன்று, வீட்டு நெட்வொர்க்குக்கு உரியது, 192.168.1.0/24 என்பது போல இருக்கும். மற்றொன்று 0.0.0.0/0. வேறு எந்த வரியிலும் பொருந்தாத எல்லாமே இதன்படி போகும். இதைத்தான் டீஃபால்ட் ரூட் என்கிறோம். அது உங்கள் வீட்டு ரவுட்டரைக் காட்டும்.

விபிஎன் இணைந்ததும், ஆபீஸ் வரை போகும் தன் மூடிய பாதையான டனலைக் காட்டும் புதிய டீஃபால்ட் ரூட்டை அது முன்னால் வைக்கிறது. அந்த நொடியில் இருந்து நீங்கள் யூடியூப் பார்த்தாலும், மின்கட்டணம் கட்டினாலும், எல்லாமே பெங்களூரு ஆபீஸ் வரை போய் அங்கிருந்து வெளியேறித் திரும்ப வரும். இது முழு டனல். ஆபீஸ் முகவரிகள் மட்டும் டனலிலும், மற்றவை வீட்டு ரவுட்டர் வழியாகவும் போனால் அது ஸ்பிளிட் டனல், அதாவது பிரித்த டனல்.

ஒரு விதியை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். பட்டியலில் இரண்டு வரிகள் பொருந்தினால், எது இன்னும் குறுகலாகச் சொல்கிறதோ அதுதான் ஜெயிக்கும். சாய்கோட்டுக்குப் பின் உள்ள எண் பெரிதானால் வரி குறுகலானது என்று பொருள். 192.168.1.0/24 என்பது 256 முகவரிகளை மட்டும் குறிக்கிறது; 0.0.0.0/0 உலகத்தையே குறிக்கிறது. அதனால் வீட்டு பிரிண்டருக்குப் போகும் பாக்கெட் முதல் வரியைத்தான் பிடிக்கும். கீழே வரும் எல்லா வேலையும் இந்த விதியை வைத்துத்தான்.

அப்படியானால் முழு டனல் போட்டாலும் கேமரா தெரிய வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. விண்டோஸோடு வரும் விபிஎன்னில் பெரும்பாலும் தெரியும். பெரிய கம்பெனிகள் தரும் விபிஎன் செயலிகள் வீட்டு நெட்வொர்க்கையும் சேர்த்து அடைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். என் மருமகனுக்கு நடந்தது அதுதான்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

என்னிடம் வரும் புகார்கள் மூன்று விதம். விபிஎன் போட்டதும் இணையமே அடியோடு நின்றுபோனால், ஆபீஸ் ரவுட்டர் உங்கள் இணையப் போக்குவரத்தை வாங்கி வெளியே அனுப்புவதில்லை என்று பொருள். சின்ன ஆபீஸ்களில் இதுதான் அதிகம். இணையம் வருகிறது, ஆனால் மெதுவாக வருகிறது, சில தளங்கள் திறக்கவில்லை என்றால் முழு டனல் ஒழுங்காக வேலை செய்கிறது. அந்தத் தளங்களை ஆபீஸ் ஃபயர்வால் தடுக்கிறது. இணையம் நன்றாக இருக்கிறது, வீட்டு பிரிண்டரும் கேமராவும் மட்டும் காணோம் என்றால் அது வீட்டு நெட்வொர்க் அடைப்பு, அல்லது முகவரி மோதல்.

இதை உறுதிசெய்ய, விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ரூட் பிரிண்ட்' என்ற இரண்டு சொற்களை ஆங்கிலத்தில் தட்டுங்கள். விபிஎன் போடுவதற்கு முன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை. இரண்டையும் ஒரு கோப்பில் ஒட்டிச் சேமித்து வையுங்கள். 0.0.0.0 என்று ஆரம்பிக்கும் வரிகளை ஒப்பிட்டாலே கதை புரிந்துவிடும். 0.0.0.0 மாஸ்க் 128.0.0.0, 128.0.0.0 மாஸ்க் 128.0.0.0 என்று இரண்டு வரிகள் புதிதாக வந்திருந்தால், உலகத்தை இரண்டு பாதியாக வெட்டி, குறுகலான வரி ஜெயிக்கும் என்ற அதே விதியை வைத்துப் பழைய டீஃபால்ட் ரூட்டை மடக்கியிருக்கிறார்கள். ஓபன்விபிஎன் என்ற மென்பொருள் இப்படித்தான் செய்யும்.

அடுத்து 1.1.1.1 என்ற முகவரிக்கு 'பிங்' கட்டளை போட்டுப் பதில் வருகிறதா என்று பாருங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, தளத்தின் பெயருக்குப் பதில் வராவிட்டால் பாதையில் பழுதில்லை, தளத்தின் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸில்தான் பழுது. இந்த ஒரு சோதனை ஒரு மணி நேர வேலையை மிச்சம் பிடிக்கும்.

கை வைக்கும் முன் கேளுங்கள்

லேப்டாப் கம்பெனியுடையதா, உங்களுடையதா? கம்பெனியுடையது என்றால் அனுமதி இல்லாமல் எதையும் மாற்றாதீர்கள். இதை நான் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. முழு டனலை அவர்கள் காரணத்தோடுதான் வைக்கிறார்கள். உங்கள் லேப்டாப் எந்தத் தளத்துக்குப் போனாலும் ஆபீஸ் ஃபயர்வால் வழியாகப் போனால்தான் வைரஸ் இறக்குவதையும் கோப்பு வெளியே போவதையும் அவர்களால் பார்க்க முடியும். வங்கி, மருத்துவம் சார்ந்த கம்பெனிகளுக்கு அது ஒப்பந்தக் கட்டாயமாகவும் இருக்கலாம். ரூட்டைக் கையால் மாற்றினாலும் பல செயலிகள் சில நொடிகளில் பழையபடி திருத்திவிடும். ஐடி டீமுக்கும் தகவல் போகும். அதில் வேலைக்கே சிக்கல் வரலாம்.

அதற்காகக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பிரித்த டனல் ஒன்றும் குறுக்குவழி அல்ல. 2020-இல் வீட்டு வேலை பெருகி விபிஎன் சர்வர்கள் திணறியபோது, ஆபீஸ் 365 போக்குவரத்தை டனலுக்கு வெளியே விடச் சொல்லி மைக்ரோசாஃப்டே பரிந்துரை கொடுத்தது. ஐடி டீமுக்கு எழுதும்போது 'நெட் ஸ்லோ' என்று மட்டும் எழுதினால் பதில் வராது. மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: எந்தச் சாதனம் அல்லது தளம் வேண்டும், அதன் முகவரி என்ன, வேலைக்கு ஏன் அது தேவை. பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள்: பிரித்த டனல் கொள்கை இருக்கிறதா? இல்லையென்றால் வீட்டு நெட்வொர்க் அனுமதி மட்டுமாவது கிடைக்குமா? இரண்டாவதைப் பல இடங்களில் தந்துவிடுகிறார்கள். அதில் இணையப் போக்குவரத்து டனலிலேயே இருக்கும், பிரிண்டரும் கேமராவும் மட்டும் வெளியே தெரியும்.

முகவரி மோதலை முதலில் தீருங்கள்

மற்ற வழிகாட்டிகளில் இது கடைசியில் வரும், அல்லது வரவே வராது. நான் முதலில் வைக்கிறேன், ஏனென்றால் இது இருக்கும்வரை மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

வீட்டுக்குள்ளும் ஆபீஸுக்குள்ளும் பயன்படுத்தவென்று மூன்று முகவரித் தொகுப்புகளை 1996-லேயே ஒதுக்கிவிட்டார்கள்: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. இவ்வளவு பெரிய இடம் இருந்தும், கடையில் வாங்கும் ரவுட்டர்களில் பல 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்றுதான் வருகின்றன. யாரும் மாற்றுவதில்லை.

ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீஸ். அங்கே கணக்கு மென்பொருளான டேலி இருக்கும் கணினி 192.168.1.10. கணக்கு பார்க்கும் அம்மா கன்னங்குறிச்சியில் வீட்டில் இருந்து விபிஎன் போடுவார். இணைந்துவிட்டது என்று காட்டும், டேலி மட்டும் திறக்காது. மூன்று நாள் ஆபீஸில் இருந்த எல்லாக் கேபிளையும் மாற்றியிருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தால் அந்த அம்மா வீட்டு ரவுட்டரும் 192.168.1.1. அவர் கணினி 192.168.1.10-ஐ ஆபீஸில் தேடவே இல்லை. சொந்த வீட்டுக்குள் தேடிக்கொண்டிருந்தது. குறுகலான வரி ஜெயிக்கும், நினைவிருக்கிறதா? வீட்டில் அந்த எண்ணில் எதுவும் இல்லை, அதனால் பதிலும் இல்லை.

தீர்வு, வீட்டு எண்ணை மாற்றுவது. ஆபீஸில் மாற்றினால் பத்துப் பேருக்குப் பாதிப்பு, வீட்டில் மாற்றினால் ஒருவருக்குத்தான். உலாவியில் ரவுட்டர் முகவரியைத் திறந்து, லேன் அமைப்புக்குப் போய், 192.168.1.1-ஐ 192.168.77.1 என்று மாற்றுங்கள். 77-க்குப் பதில் 2 முதல் 254 வரை யாரும் சாதாரணமாக வைக்காத எதுவும் ஆகும். அதே பக்கத்தில் டிஹெச்சிபி (சாதனங்களுக்குத் தானாக எண் ஒதுக்கும் வசதி) தரும் முகவரிகளும் 192.168.77-க்கு மாறிவிட்டதா என்று பாருங்கள். சில ரவுட்டர்களில் அதைத் தனியாக மாற்ற வேண்டும். சேமித்ததும் இணைப்பு அறுபடும், பயப்பட வேண்டாம், வைஃபையை அணைத்துப் போட்டால் புது முகவரி வரும். பிரிண்டர், கேமரா, பதிவுப் பெட்டி ஆகியவற்றில் கையால் எண் போட்டு வைத்திருந்தால் அவற்றையும் மாற்றியாக வேண்டும். இதை மறந்துவிட்டு 'விபிஎன்னால் கேமரா போச்சு' என்று தேடுகிறவர்கள் அதிகம். அதனால் ரவுட்டரைத் தொடும் முன்பே அந்தச் சாதனங்களின் பட்டியலை எழுதி வையுங்கள்.

விண்டோஸின் சொந்த விபிஎன்னில் பிரிப்பது

இது உங்கள் சொந்தக் கணினிக்கும், ஆபீஸ் அனுமதி உள்ளவர்களுக்கும். கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர் திறந்து, 'சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ்' அழுத்துங்கள். உங்கள் விபிஎன் பெயரில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் நெட்வொர்க்கிங் டேப். இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4-ஐத் தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸ், அப்புறம் அட்வான்ஸ்டு. அங்கே 'யூஸ் டீஃபால்ட் கேட்வே ஆன் ரிமோட் நெட்வொர்க்' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுங்கள். எல்லா ஜன்னலிலும் ஓகே கொடுத்து, விபிஎன்னை நிறுத்தித் திரும்பப் போடுங்கள்.

இப்போது இணையம் வீட்டு வழியில் வந்துவிடும். ஆனால் பலருக்கு இந்த இடத்தில் ஆபீஸ் காணாமல் போகும். டிக் எடுத்தபின் விண்டோஸ் தானாக ஒரே ஒரு வரி சேர்க்கிறது. அது விபிஎன் உங்களுக்குத் தந்த முகவரியின் பழைய வகுப்பைப் பொறுத்தது. 10-இல் ஆரம்பிக்கும் முகவரி கிடைத்தால் 10.0.0.0/8 முழுவதும் டனலுக்குள் போகும். 192.168.50.7 கிடைத்தால் 192.168.50.0/24 மட்டும்தான் போகும். கன்னங்குறிச்சி அம்மாவுக்கு விபிஎன் தந்தது 192.168.50.7, டேலி இருப்பதோ 192.168.1.10. அந்த எண்ணுக்கான வழி பட்டியலில் இல்லை.

வழியை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். விண்டோஸின் கட்டளைச் செயலியான பவர்ஷெல்லைத் திறந்து, 'ஆட்-விபிஎன்கனெக்‌ஷன்ரூட்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். அதன் பின் '-கனெக்‌ஷன்நேம்' குறியும் உங்கள் விபிஎன் பெயரும், '-டெஸ்டினேஷன்ப்ரீஃபிக்ஸ்' குறியும் 192.168.1.0/24 என்ற ஆபீஸ் எண்ணும். ஒரு தடவை செய்தால் போதும், ஒவ்வொரு முறை விபிஎன் ஏறும்போதும் அந்த வழி தானே ஏறும், இறங்கும்போது இறங்கும். பழைய 'ரூட் ஆட்' கட்டளையைவிட இதைத்தான் நான் விரும்புகிறேன், மிச்சம் மீதி எதுவும் பட்டியலில் தங்காது.

விபிஎன் தந்த முகவரி 10-இல் ஆரம்பித்து, உங்கள் வீட்டு நெட்வொர்க்கும் 10-இல் இருந்தால், அந்த /8 வரி பெரிதாகப் பரவுகிறதே என்று கவலை வரும். அதே அட்வான்ஸ்டு ஜன்னலில் 'டிஸேபிள் கிளாஸ் பேஸ்டு ரூட் அடிஷன்' என்ற டிக் வைத்துவிட்டு, தேவையான எண்களை மட்டும் மேலே சொன்னபடி சேருங்கள்.

மேக், லினக்ஸ்

மேக்கில் எல்2டிபி வகை விபிஎன் என்றால், சிஸ்டம் செட்டிங்ஸில் அந்த விபிஎன்னின் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'செண்ட் ஆல் டிராஃபிக் ஓவர் விபிஎன் கனெக்‌ஷன்' இருக்கும், அணைத்தால் போதும். லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜர் இருந்தால் விபிஎன்னின் ஐபிவி4 டேபில் 'யூஸ் திஸ் கனெக்‌ஷன் ஒன்லி ஃபார் ரிசோர்சஸ் ஆன் இட்ஸ் நெட்வொர்க்' என்பதை டிக் செய்யுங்கள். ஐபிவி6 டேபிலும் அதையே செய்யுங்கள். ஆபீஸ் எண்களை அதே பக்கத்தின் ரூட்ஸ் பொத்தானில் சேர்க்கலாம்.

வயர்கார்டும் ஓபன்விபிஎன்னும்

வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் எதுவும் மறைந்திருக்காது. அமைப்புக் கோப்பில் 'அலவ்டு ஐபீஸ்' என்று ஒரு வரி. அங்கே 0.0.0.0/0 இருந்தால் முழு டனல். அதை அழித்துவிட்டு 10.20.0.0/16, 192.168.1.0/24 என்று ஆபீஸ் எண்களைக் கமா போட்டு எழுதினால் பிரித்த டனல். அவ்வளவுதான். விபிஎன்னுக்குள் உங்களுக்குத் தந்திருக்கும் தொகுப்பையும் அந்த வரியில் சேர்க்க மறக்காதீர்கள். விண்டோஸ் வயர்கார்டில் முழு டனல் கோப்பைத் திருத்தும்போது கீழே 'பிளாக் அன்டனல்டு டிராஃபிக்' என்று ஒரு டிக் இருக்கும். அது இருக்கும்வரை டனலுக்கு வெளியே எதுவும் போகாது, வீட்டு பிரிண்டர் உட்பட.

ஓபன்விபிஎன்னில் சர்வர்தான் 'எல்லாவற்றையும் என் வழியாக அனுப்பு' என்று உத்தரவு தள்ளும். கோப்பில் 'புல்-ஃபில்டர் இக்னோர்' என்று எழுதி, பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் 'ரீடைரக்ட்-கேட்வே' சேர்த்தால் அந்த ஓர் உத்தரவை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை ஏற்கும். 'ரூட்-நோபுல்' என்ற வேறொரு வழியும் உண்டு. அது சர்வர் தரும் எல்லா வழிகளையும் தள்ளிவிடும். பிறகு ஒவ்வொன்றையும் நாம் எழுத வேண்டும். நான் முதலாவதையே சொல்வேன்.

பாதை சரி, பெயர் தெரியவில்லை

பிரித்த பின் வரும் சிக்கல்களில் பெரும்பங்கு டிஎன்எஸ்தான். பாதை என்பது எண்ணுக்கு. ஆனால் நாம் தட்டுவது பெயர். ஆபீஸ் உள் தளத்தின் பெயர் உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது, ஆபீஸ் டிஎன்எஸ் சர்வருக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் கணினி அந்தப் பெயரை வீட்டு ரவுட்டரிடம் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்றே பதில் வரும்.

சோதிக்க, 'என்எஸ்லுக்அப்' கட்டளையோடு அந்தப் பெயரைத் தட்டுங்கள். பதிலின் முதல் வரியில் எந்த சர்வர் பதில் சொன்னது என்று இருக்கும். அடுத்து அதே கட்டளையில் பெயருக்குப் பின்னால் ஆபீஸ் டிஎன்எஸ் சர்வரின் எண்ணையும் சேர்த்துத் தட்டுங்கள். இரண்டாவது முறை பதில் வந்தால் நோய் தெரிந்துவிட்டது.

எல்லாக் கேள்வியையும் ஆபீஸ் டிஎன்எஸ்ஸுக்கே அனுப்பிவிட்டால் என்ன? வேலை செய்யும். ஆனால் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு தளத்தின் பெயரும் ஆபீஸ் பதிவில் நிற்கும். பல வீடியோ தளங்கள் டிஎன்எஸ் கேட்கும் இடத்தை வைத்துப் பக்கத்து சர்வரைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆபீஸ் டிஎன்எஸ் அமெரிக்காவில் இருந்தால், சேலத்தில் இருக்கும் உங்களுக்கு அமெரிக்க சர்வரைக் கொடுத்துவிடக்கூடும். பாதையைப் பிரித்தும் வேகம் வரவில்லையே என்று புலம்புகிறவர்களில் சிலருக்கு இதுதான் காரணம்.

நல்ல வழி, பெயர்களையும் பிரிப்பது. ஆபீஸ் டொமைனில் முடியும் பெயர்களை மட்டும் ஆபீஸ் டிஎன்எஸ்ஸிடமும், மற்றதை வீட்டு டிஎன்எஸ்ஸிடமும் கேட்பது. விண்டோஸில் அதற்கு என்ஆர்பிடி என்ற விதிப்பட்டியல் உண்டு. பவர்ஷெல்லில் 'ஆட்-டிஎன்எஸ்கிளையன்ட்என்ஆர்பிடிரூல்' கட்டளையில் டொமைனை முன்னால் ஒரு புள்ளியோடு கொடுத்து, சர்வர் எண்ணையும் கொடுக்க வேண்டும். மேக்கில் ஈடிசி கோப்புறைக்குள் ரிசால்வர் என்ற கோப்புறை உண்டாக்கி, அதில் டொமைன் பெயரிலேயே ஒரு கோப்பு வைத்து, 'நேம்சர்வர்' என்ற சொல்லும் எண்ணும் எழுதினால் போதும். புதிய லினக்ஸ்களில் 'ரிசால்வ்சிடிஎல்' இதைச் செய்யும். நீங்கள் தொடுவது டேலி இருக்கும் ஒரே ஒரு கணினிதான் என்றால் இவ்வளவும் தேவையில்லை. பெயருக்குப் பதில் 192.168.1.10 என்று எண்ணையே போட்டு வேலையைப் பாருங்கள். கன்னங்குறிச்சியில் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

ஐபிவி6 செய்யும் குழப்பம்

விபிஎன் போட்டால் கூகுளும் யூடியூபும் மட்டும் வருகிறது, மற்றது வரவில்லை என்று சிலர் சொல்வார்கள். பிரமை இல்லை. நம் ஊர் மொபைல் இணைப்புகள் பலவற்றிலும் சில ஃபைபர் இணைப்புகளிலும், பழைய வகை முகவரியான ஐபிவி4-ஓடு புதிய வகையான ஐபிவி6 முகவரியும் கிடைக்கிறது. விபிஎன் ஐபிவி4-ஐ மட்டும் பிடித்துக்கொண்டால், ஐபிவி6 உள்ள தளங்கள் வீட்டு வழியாகவே போய் வந்துவிடும். ஆபீஸ் முழு டனல் வேண்டும் என்று சொல்லியிருந்தால் இது ஓட்டை. ஐடி டீமிடம் சொல்லிவிடுங்கள்.

மலையில் ஹாட்ஸ்பாட் போடும்போது

காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரம் ஒன்று காற்றில் சாய்ந்தால் ஃபைபர் போய்விடும். உடனே மொபைல் ஹாட்ஸ்பாட். அப்போது விபிஎன் இணையும், சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் நிற்கும். இது சிக்னல் குறை மாதிரியே தெரியும். பல நேரம் பாக்கெட் அளவுதான் காரணம். சாதாரண அளவு 1500 பைட்; யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து ரவுட்டர் நுழையும் பிபிபிஓஇ வகை இணைப்பில் 1492. விபிஎன் தன் உறையைப் போட்டதும் இடம் இன்னும் குறையும். வயர்கார்டு பொதுவாக 1420 வைக்கிறது. அது தொங்கினால் பாக்கெட் அளவின் உச்சவரம்பான எம்டியூ மதிப்பை 1280 ஆக்கிப் பாருங்கள். ஐபிவி6-இன் குறைந்தபட்ச அளவு அது. சரியாகிவிட்டால் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தலாம்.

மின்சாரம் போய் வரும் இடங்களில் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை ரவுட்டர் அணைந்து எழுந்ததும் விபிஎன்னுக்குள் திரும்ப நுழைந்து பாஸ்வேர்டு கொடுப்பது பெரிய தொந்தரவு.

ஆபீஸ் முடியாது என்றால்

மறுத்துவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். வேறு வழிகள் உண்டு. பிரிண்டரை யூஎஸ்பி கேபிளில் நேரே இணையுங்கள். முழு டனல் நெட்வொர்க்கைத்தான் பிடிக்கும், யூஎஸ்பியைப் பிடிக்காது. யூஎஸ்பி சேமிப்பைத் தடுக்கும் கம்பெனிகள்கூடப் பிரிண்டரை அனுமதிப்பதைப் பார்த்திருக்கிறேன். கேமராவுக்குப் பழைய போன் ஒன்றை மேசையில் நிறுத்தி வையுங்கள். சொந்தக் கணினியில்தான் ஆபீஸ் வேலை, அதற்கு அனுமதியும் உண்டு என்றால், விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) ஒன்று போட்டு விபிஎன்னை அதற்குள் மட்டும் இயக்கலாம். வெளியே இருக்கும் கணினி வீட்டு இணையத்திலேயே இருக்கும்.

பிரித்த பின் காவல்

பிரித்த டனலில் உங்கள் லேப்டாப் ஒரே நேரத்தில் ஆபீஸுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே நிற்கிறது. ஆபீஸ் ஃபயர்வால் பார்க்காத பாதி இப்போது உங்கள் பொறுப்பு. விண்டோஸ் ஃபயர்வாலை அணைக்காதீர்கள், அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள், ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள், இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கேமராக்களை வீட்டு நெட்வொர்க்கிலும், விருந்தாளிகளின் போன்களைக் கெஸ்ட் வைஃபையிலும் வையுங்கள்.

ஏற்காட்டில் வீட்டின் ஒரு பகுதியைத் தங்க விடுகிறவர்கள் நிறைய. தங்க வருகிறவர்களும் லேப்டாப்போடுதான் வருகிறார்கள். ஹோம்ஸ்டே, லாட்ஜ் வைஃபைகளில் பிரித்த டனல் வேண்டாம், அங்கே முழு டனல் போடுங்கள். அதுவும்கூட முழுக் கவசம் இல்லை என்று 2024 மே மாதம் தெரிந்தது. டனல்விஷன் என்று பெயரிட்ட அந்தத் தாக்குதலில், அதே வைஃபையில் இருக்கும் ஒருவர் டிஹெச்சிபியின் 121-ஆம் ஆப்ஷன் வழியாக உங்கள் கணினிக்கு விபிஎன்னைவிடக் குறுகலான வழிகளைத் தள்ளலாம். குறுகலான வரி ஜெயிக்கும் அல்லவா? போக்குவரத்து டனலுக்கு வெளியே போய்விடும், விபிஎன்னோ இணைந்திருப்பதாகவே காட்டும். ஆண்ட்ராய்டு அந்த ஆப்ஷனைக் கேட்பதே இல்லை, அதனால் அது தப்பியது. நம்பிக்கை இல்லாத இடத்தில் சொந்த போனின் ஹாட்ஸ்பாட்தான் நல்லது.

எல்லாம் முடிந்ததும் மூன்று சோதனை போதும். விபிஎன் இருக்கும்போதே பாக்கெட் போகும் வழியை வரிசையாகக் காட்டும் 'ட்ரேஸ்ஆர்டி' கட்டளையை ஒரு வெளித் தளத்துக்குப் போடுங்கள், முதல் வரியில் உங்கள் ரவுட்டர் எண் வர வேண்டும். ஆபீஸ் சர்வருக்குப் போடுங்கள், அந்த எண் வரக் கூடாது. வீட்டு பிரிண்டருக்குப் பிங் போடுங்கள், பதில் வர வேண்டும். லேப்டாப்பை மூடித் திறந்து இன்னொரு தடவை பாருங்கள். தூங்கி எழும்போது வழிகள் கலைவது அடிக்கடி நடக்கும்.

என் மருமகனுக்கு ஐடி டீம் ஐந்தாம் நாள் பதில் எழுதியது. பிரித்த டனல் தர முடியாது, வீட்டு நெட்வொர்க் அனுமதி தருகிறோம் என்று. அவன் பயன்படுத்துவது சிஸ்கோ செயலி. அதன் ப்ரிஃபரன்சஸில் 'அலவ் லோக்கல் லேன் ஆக்சஸ் வென் யூசிங் விபிஎன்' என்று ஒரு டிக் உண்டு, பக்கத்திலேயே 'இஃப் கான்ஃபிகர்டு' என்றும் இருக்கும். ஆபீஸ் பக்கம் திறக்காமல் நாம் டிக் வைத்தால் பயனில்லை என்பதுதான் அதன் பொருள். அவர்கள் திறந்தார்கள், இவன் டிக் வைத்தான், நான் அதற்கு முன்பே வீட்டு ரவுட்டரை 192.168.77.1-க்கு மாற்றியிருந்தேன். படம் வந்தது.

போன வாரம் மதியம் மூன்று மணிக்கு மீட்டிங் நடுவே திரை ஓரத்தில் களம் வெளுத்துக்கொண்டே வருவதைப் பார்த்திருக்கிறான். மைக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாக என் அக்காவைக் கூப்பிட்டான். தார்ப்பாயை இழுத்து மூடி நான்கு மூலையிலும் கல் வைத்த பிறகுதான் தூறல் விழுந்ததாம்.